அரை வினாடிக்கு மேல்

பேருந்து ஓட்டுநர்களின் கண்ணும் கையும் எவ்வளவு வேகமாகப் பேசிக்கொள்கின்றன என்று அளப்பதுதான் எங்கள் வேலை. பணிமனைக்குப் பின்னால், டயர் கிடங்குக்கும் கேன்டீனுக்கும் நடுவே நீளமாக ஒரு அறை. கதவில் ‘உளவியல் சோதனைப் பிரிவு’ என்று பலகை இருக்கிறது. ஓட்டுநர்கள் அதைப் ‘பைத்தியக்கார ரூம்’ என்பார்கள். “என்னப்பா, இன்னிக்குப் பைத்தியக்கார ரூமா?” என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டேதான் வருவார்கள். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிடும். அந்த அறையிலிருந்து வெளியே போகும் ஒரு தாளில்தான் அவர்களுடைய சோறு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த அறையில் இருபத்தாறு வருஷமாக இருப்பவள் பட்டனக்கா. சோதனைப் பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு. விளக்கு எரிந்த உடனே அதை அழுத்த வேண்டும். “பட்டன்ல விரல வைங்க, பட்டன அழுத்துங்க, பட்டன விட்டுடுங்க” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். நேரில் வாய்க்கு வாய் ‘வாங்க, போங்க’தான், எழுதும்போது ‘அவள்’ என்று வருகிறது. உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை எனக்குக் கற்றுத் தந்தவர்கள் வேறு. ஆனால் நான் கையெழுத்திட்ட ஒரு தாளை அவள் திருப்பிப் படித்ததால் நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

பட்டனக்காவின் அண்ணன் எங்கள் பணிமனையிலேயே ஓட்டுநர். ‘மெத்தை’ என்பார்கள். பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் கையிலிருக்கும் தேநீர்கூடச் சிந்தாது, அப்படி ஒரு மெத்தென்ற கால். இருபத்திரண்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்த வீடு. தங்கை படிக்கட்டும் என்று பத்தாம் வகுப்போடு நின்று லாரியில் கிளீனராக ஏறியவர் அவர். அக்கா அதைப் பெருமையாகச் சொல்வாள். அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எல்லா ஓட்டுநருக்கும் சோதனை உண்டு. சொந்தக்காரர்களைச் சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் மெத்தை அண்ணன் வந்த செவ்வாய்க்கிழமை, அக்கா கேன்டீனுக்குப் போய்விட்டாள். சோதித்தது நான்.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. மேஜைமேல் விளக்குப் பெட்டி. இடது கையின் இரண்டு விரல்நுனியில் சின்னச் சின்ன உலோகத் தகடுகளை நாடாவால் கட்டுவோம். விரல் எவ்வளவு வியர்க்கிறது என்று அது காட்டும். காதுமடலில் ஒரு கிளிப், அது நாடித்துடிப்புக்கு. வலது ஆள்காட்டி விரல் பொத்தானில். விளக்கு எரியும், அழுத்த வேண்டும். அடுத்த விளக்கு இரண்டு வினாடியிலும் வரலாம், பத்து வினாடியிலும் வரலாம். இப்படி நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லிவினாடி ஆனது என்று இயந்திரம் எழுதும். நாற்பதையும் கூட்டிச் சராசரி எடுப்போம். நானூற்றைம்பதுக்குள் இருந்தால் தகுதி.

“ஜாதகம் எப்படி?” என்று கேட்டார் அண்ணன், தகடுகளைக் கழற்றும்போது.

“முந்நூத்தி எழுபத்தொம்பதுண்ணே. சும்மா தூக்கிட்டீங்க.”

“அப்ப இன்னும் மூணு வருஷத்துக்கு எனக்குப் பைத்தியம் இல்லன்னு சொல்லு.”

சிரித்துக்கொண்டே போனார். நான் ‘தகுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை தாள்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்த அக்கா என்னைக் கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் முன்னால் நேரம், வியர்வை, நாடி என்று அண்ணனின் மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தாள்.

“தம்பி, இத நீ படிச்சியா?”

“படிச்சேன்கா. பாஸ்தானே?”

“சராசரியச் சொல்றியா, நாப்பதையும் படிச்சியான்னு கேக்கறேன்.”

நான் படித்திருக்கவில்லை. யாரும் படிப்பதில்லை. அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். இருநூற்றெண்பது, இருநூற்றுத் தொண்ணூற்றைந்து, இருநூற்றெழுபது. இருபது வயதுப் பையனின் வேகம். இருபத்து மூன்றாவதில் திடீரென்று அறுநூற்றுப் பத்து. மறுபடி இருநூற்றுத் தொண்ணூறு. பிறகு எழுநூற்றிருபது. முப்பத்தோராவதில் ஆயிரத்து முந்நூற்று நாற்பது.

“அரை வினாடிக்கு மேல ஆறு தடவ” என்றாள். “மத்த முப்பத்தி நாலும் நல்லா இருந்ததால இந்த ஆறும் அதுக்குள்ள ஒளிஞ்சுகிச்சு.”

“கவனம் எங்கயாவது போயிருக்கும்கா. வீட்டு ஞாபகம்…”

அவள் வியர்வைத் தாளை என் பக்கம் நகர்த்தினாள். சோதனைக்கு வரும் எல்லோருக்கும் அந்தக் கோடு கொஞ்சம் உயரத்திலேயே நிற்கும். பயம், பதற்றம், அவ்வளவுதான். அண்ணனின் கோடு இரண்டாவது நிமிஷத்திலிருந்து படி இறங்குவதுபோல இறங்கிக்கொண்டே போயிருந்தது. அந்த ஆறு இடங்களில் நாடியும் தளர்ந்து, அடுத்த நொடி திடுக்கிட்டு எகிறியிருந்தது. வீட்டு ஞாபகத்தில் இருப்பவனுக்கு விரல் இப்படி உலராது.

“தூங்கிட்டாரு” என்றாள் அக்கா. “அஞ்சு நிமிஷ டெஸ்ட்ல, காலைல பத்து மணிக்கு, வேல போயிடுமோங்கற பயத்துலகூட, ஆறு தடவ தூங்கிட்டாரு. அவருக்கே தெரியாது.”

ஆயிரத்து முந்நூற்று நாற்பது மில்லிவினாடிக்குள் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்து இருபத்திரண்டு மீட்டர் ஓடிவிடும். அந்தக் கணக்கை அவள் ஏற்கெனவே தாளின் ஓரத்தில் பென்சிலால் போட்டிருந்தாள். அதன் கீழே என் கையெழுத்து இருந்தது.

உளவியலாளர் மேடத்திடம் போனோம். அவர் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தாள்களை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க சொல்றது சரி. ஆனா ரூல்ல சராசரின்னுதான் இருக்கு. பாஸ் ஆனவர நான் வண்டியிலேர்ந்து இறக்க முடியாது. பத்து நிமிஷ நீள டெஸ்ட் ஒண்ணு இருக்கு. அதுக்கு அவரே சம்மதிக்கணும், இல்ல மேனேஜர் உத்தரவு வேணும். அவர் பயிற்சிக்குப் போயிருக்கார், திங்கட்கிழமதான் வருவார். ஃபோன எடுக்க மாட்டேங்கறார்.”

“திங்கட்கிழம வரைக்கும் வண்டி ஓடுமே மேடம்.”

“தெரியும்.” மேடம் மேஜை இழுப்பறையைத் திறந்து தேடினார். “நேர்ல பாத்து எழுதற கண்காணிப்புக் குறிப்புன்னு ஒரு பாரம் இருக்கு. வேலை நேரத்துல ஓட்டுநரோட நடத்தைய நம்ம ஆள் ஒருத்தர் மணி போட்டு எழுதினா, அத வச்சு நான் உடனே நிறுத்தலாம். ஆனா எழுதறவர் சொந்தக்காரரா இருக்கக் கூடாது.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அதற்கு முன்னால் அண்ணனிடமே கேட்டுப் பார்க்கிறேன் என்றாள் அக்கா. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனாள். சோதித்தவன் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மாடியில் இரண்டு அறை வீடு. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி வந்தார். என்னையும் பார்த்ததும் முகம் மாறியது.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. தாளைக் காட்டி, ஆறு இடத்தையும் சொன்னாள். பத்து நிமிஷம் இன்னொரு டெஸ்ட்டுக்கு வாண்ணே என்றாள்.

“பாஸுன்னு எழுதியிருக்கா இல்லையா?” அவர் என்னைத்தான் கேட்டார்.

“எழுதியிருக்குண்ணே. ஆனா…”

“ஆனா என்ன ஆனா? ஊர்ல ஃபெயிலானவன்லாம் பாஸ் போடச் சொல்லி உங்க ரூம் வாசல்ல நிக்கறான். நான் பாஸானவன். என்னத் தேடி வந்து ஃபெயிலாக்கப் பாக்கறா, கூடப் பொறந்தவ!”

“அண்ணே, நீ தூங்கற.”

“யாரு? நானா? நைட்டு ஒம்பது மணிக்குப் படுத்தா காலைல அஞ்சு மணி. எட்டு மணி நேரம் தூங்கறவன் வண்டியில எதுக்குடி தூங்கறேன்?”

மடித்த துணியை மடியில் வைத்தபடி அண்ணி மெதுவாகச் சொன்னார். “அது தூக்கமா? குறட்டைல செவுரு அதிருது. நானும் பொண்ணும் அந்த ரூமுக்கு மாறி ரெண்டு வருஷமாச்சு. சில நேரம் குறட்டை நின்னுடும். மூச்சே இருக்காது. நான் எழுந்து வந்து பாப்பேன். அப்புறம் தண்ணிக்குள்ளேர்ந்து வெளிய வந்தவராட்டம் பெருசா ஒண்ணு இழுப்பாரு.”

“நீ சும்மா இரு” என்றார் அண்ணன்.

அக்கா அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளில் பார்த்தது வெறும் எண்கள். அவற்றுக்கு மூச்சும் சத்தமும் கிடைத்தது அப்போதுதான்.

“அண்ணே, ஒரு நாலு நாள் லீவு போடு. எனக்காக.”

“உனக்காக நான் போட்டதெல்லாம் போதும்” என்றார் அவர்.

அந்தப் பேச்சை அவர் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்டாள். அவருக்கே அது அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். துண்டை எடுத்து மறுபடி தலை துவட்டினார், தலை காய்ந்துதான் இருந்தது. நாங்கள் படியிறங்கும்போது மேலேயிருந்து சொன்னார்: “இனிமே இந்த வீட்டுப் படிய மிதிக்காத.”

தெருமுனையில் அக்கா நின்றாள். பிறகு, “சனிக்கிழம மத்தியானம் ஒண்ணே முக்கா வண்டி. சாப்பிட்டு ஏறுவாரு. பாலம் தாண்டினா நேர் ரோடு. நீ எழுது, நான் கூட வரேன்” என்றாள்.

“நீங்க எதுக்குக்கா? நான் ஒருத்தனே…”

“ஏதாவது ஆனா உனக்குப் பதறும்.”

அப்படித்தான் சனிக்கிழமை மதியம் நாங்கள் அந்தப் பேருந்தில் ஏறினோம். கண்டக்டர் எங்களை வினோதமாகப் பார்த்தார். கண்காணிப்புப் பாரத்தைக் காட்டியதும், “எங்க வேணா உக்காருங்க” என்று தள்ளிப் போய்விட்டார். ஓட்டுநருக்கு இடப்பக்கம், எஞ்சின் மூடியை ஒட்டிய குறுக்கு இருக்கையில் உட்கார்ந்தோம். அங்கிருந்து அண்ணனின் பக்கவாட்டு முகம் தெரியும். தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் கண்கள் தெரியும். அவர் எங்களைப் பார்த்தார். கியரைப் போட்டார்.

பேருந்தில் நாற்பது பேர் இருப்பார்கள். ஷிப்ட் மாறிப் போகும் நர்சுகள் இருவர் எங்களுக்கு எதிரே. நடுவில் கல்லூரிப் பிள்ளைகள் ஒரே கூச்சல். ஒரு கைக்குழந்தை. கடைசி இருக்கையில் யாரோ ஜன்னல் கண்ணாடி ஒன்றை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

முதல் முக்கால் மணி நேரம் ஒன்றுமே இல்லை. ஊருக்குள் சந்து, சிக்னல், திடீரென்று குறுக்கே வரும் சைக்கிள். அத்தனையிலும் அந்தக் கால் மெத்தென்று அழுந்தி எழுந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. இந்த மனிதனையா சந்தேகப்பட்டோம்? பாரத்தில் ‘2.10, கவனம் நன்று. 2.20, கவனம் நன்று’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா எழுதுவதைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைவிட்டு அவள் கண் நகரவில்லை.

பாலம் வந்தது. பாலத்துக்கு அப்பால் சாலை கோல் பிடித்துக் கிழித்த மாதிரி போகிறது. ஒருபக்கம் வாய்க்கால், மறுபக்கம் தடுப்பு இல்லாத எதிர்ச்சாலை. வெயில் கண்ணாடியில் பட்டு உள்ளே இறங்கியது. எஞ்சினின் ஒரே சுருதி. பிள்ளைகளின் கூச்சல்கூட அடங்கிவிட்டது. பாதிப் பேர் தலை சாய்த்துத் தூங்கினார்கள்.

“இப்ப எழுது” என்றாள் அக்கா, உதடு அசையாமல்.

கண்ணாடியில் பார்த்தேன். அண்ணன் கண் சிமிட்டினார். சாதாரணச் சிமிட்டல் மூடியதும் தெரியாது, திறந்ததும் தெரியாது. இது மூடியது தெரிந்தது. ‘2.31, இமை சுமார் ஒரு வினாடி.’ அவர் கன்னத்தைத் தேய்த்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார், ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தார். தனக்கு என்ன நடக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. அவரிடம்தான் அது சொல்லவில்லை. ‘2.34, மறுபடி.’ என் பேனா வழுக்கியது. அண்ணன் விரல் உலர்ந்த நேரத்தில் என் விரல் ஈரமாக இருந்தது.

“போதும்கா. நிறுத்தச் சொல்லலாம்” என்றேன்.

அவள் வாயைத் திறக்குமுன் அது நடந்துவிட்டது. கண்ணாடியில் இரண்டு இமையும் மூடின. திறக்கவில்லை. தாடை தளர்ந்தது. கைகள் ஸ்டீயரிங்கில் அப்படியே இருந்தன, ஆனால் அதைப் பிடித்திருக்கவில்லை, அதன்மேல் கிடந்தன. வண்டி வெள்ளைக் கோட்டை நோக்கி, அவசரமே இல்லாமல், ஒதுங்க ஆரம்பித்தது. தூரத்தில் எதிரே ஒரு சரக்கு லாரி வந்துகொண்டிருந்தது.

நான் கத்த வாயைத் திறந்தேன். அக்காவின் கை என் தொடையில் இறுக விழுந்தது.

அந்தப் பிடியின் பொருள் எனக்குத் தெரியும். எங்கள் அறையில் அதற்கும் ஒரு சோதனை உண்டு. எதிர்பாராத சத்தம் கேட்டால் மனிதன் என்ன செய்கிறான்? தோள் எகிறும், கண் இறுகும், கை கிடைத்ததைப் பிடித்துத் தன் பக்கம் வெட்டி இழுக்கும். யோசிப்பதற்கு முன்னாலேயே நடந்துவிடும். அறுபது கிலோமீட்டரில், வாய்க்காலுக்கும் லாரிக்கும் நடுவில், அந்த ஒரு வெட்டு போதும்.

அக்கா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் காதருகே குனிந்தாள். தினமும் நூறு பேர் சொல்லும் அதே குரலில், அவசரமில்லாமல், கொஞ்சம் சலிப்போடுகூட, சொன்னாள்:

“டிரைவர், இங்க இறங்கணும்.”

வலது கால் எழுந்தது. நான் பார்த்தேன். கண் இன்னும் மூடித்தான் இருந்தது. ஆக்சிலேட்டரை விட்ட கால் பிரேக்குக்கு நகர்ந்து, மெத்தென்று அழுந்தியது. வேகம் தணிந்தது. கை தானாகவே இடப்பக்கம், நிறுத்தத்துக்கு ஒதுக்குகிற மாதிரி மெல்லத் திருப்பியது. அதற்குப் பிறகுதான் கண் திறந்தது. லாரி எங்களைக் கடந்து போனது. அதன் காற்றில் ஜன்னல்கள் நடுங்கின. அதன் ஓட்டுநர் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார்.

பேருந்து வாய்க்கால் ஓரத்து மண்ணில் நின்றது. யாருடைய தலையும் எதிலும் இடிக்கவில்லை. கைக்குழந்தைகூட எழவில்லை.

“இங்க ஸ்டாப் இல்லையே” என்றார் அண்ணன்.

“இல்லதான். எஞ்சின ஆஃப் பண்ணுண்ணே.”

அவர் திரும்பினார். தங்கையின் முகத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த பாரத்தைப் பார்த்தார். “நான் தூங்கல” என்றார்.

வண்டி நின்றதும் நான் கிறுக்கியதைப் படித்துக் காட்டினேன். 2.37, கண் மூடியது, நான்கு வினாடி, வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டியது.

“பொய். தங்கச்சி சொன்னத எழுதற. கண்ணு கூசுது, வெயிலு… தூங்கினவன் எப்படிய்யா வண்டிய நிறுத்துவான்? நிறுத்தினேனா இல்லையா?”

எதிரே இருந்த நர்சுகளில் வயதானவர் எழுந்து வந்தார். சண்டைக்கு வந்த குரல் இல்லை அது; நோயாளியிடம் பேசும் குரல். “நான் பாத்தேன் சார். ரெண்டு கண்ணும் மூடியிருந்துச்சு. வாய் திறந்திருந்துச்சு. என் பொண்ணு இதே வண்டியிலதான் காலேஜ் போறா. சாவியக் குடுத்துடுங்க.”

அவர் சாவியைக் கொடுக்கவில்லை. தானே எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை டேஷ்போர்டில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். வாய்க்கால் மதகில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கண்டக்டர் பணிமனைக்கு ஃபோன் செய்தார். மாற்று ஓட்டுநர் வந்து சேர ஐம்பது நிமிஷம் ஆனது. அதற்குள் பேருந்து முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. சிலர் திட்டினார்கள், ஒருவர் மதகில் உட்கார்ந்திருந்தவரை ஃபோனில் படம் பிடிக்கப் போனார். அக்கா குறுக்கே நின்றாள். “அவர் ஒரு நோயாளி. உங்க வீட்டு நோயாளியப் படம் பிடிப்பீங்களா?” என்றாள். அவர் ஃபோனைப் பைக்குள் போடும் வரை நகரவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் வந்தார். அண்ணனை வண்டியிலிருந்து இறக்கி உதிரிபாக ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். எனக்கு ஒரு மெமோ: தாளைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்திட்டதற்கு. அதில் நியாயம் இருந்தது. அக்காவுக்கும் ஒரு மெமோ: உறவினரின் சோதனையில் தலையிட்டதற்கும், அனுமதி இல்லாமல் ஓடும் வண்டியில் ஓட்டுநரிடம் பேசியதற்கும். மேடம் அதை எதிர்த்து இரண்டு பக்கம் எழுதினார். மெமோ அப்படியே நின்றது. “இருபத்தாறு வருஷத்துல மொத மெமோ. ஃபிரேம் போட்டு மாட்டிடலாம்” என்றாள் அக்கா. பிறகு கழிவறைக்குப் போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள்.

ஓட்டுநர்கள் பாதிப் பேர் எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். தன் அண்ணன் வயிற்றிலேயே அடித்தவள் நம்மை விடுவாளா என்று கேன்டீனில் அவள் காது படவே பேச்சு.

அண்ணனை மருத்துவமனைக்கு இழுத்துப் போனது அண்ணி. தூங்கவைத்து அளந்தார்கள், எங்கள் அறையில் மூன்று ஒயர் என்றால் அங்கே இருபது. மூச்சு மணிக்கு நாற்பத்தொரு தடவை நின்று நின்று வருகிறது என்று தெரிந்தது. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழியை மூடிக்கொள்கிறது, மூளை அலறி எழுப்புகிறது, எழுந்தது அவருக்கு நினைவிருப்பதில்லை. எட்டு மணி நேரம் தூங்கினேன் என்று அவர் சொன்னது பொய்யே இல்லை. அவருக்குத் தெரிந்தவரை அதுதான் உண்மை. காற்றை மூக்குக்குள் தள்ளும் ஒரு சின்ன இயந்திரமும் முகமூடியும் கொடுத்து அனுப்பினார்கள்.

இந்தச் செய்தியெல்லாம் அண்ணி ஃபோனில் சொல்லித்தான் வந்தது. அண்ணன் தங்கையிடம் பேசவில்லை. பணிமனை வாசலில் எதிரே வந்தால் செல்ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். சில நாள் அது தலைகீழாக இருக்கும். இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பொறுக்க முடியாமல் அவர் வீட்டுக்கே போனாள். கதவைத் திறந்தவர் அண்ணன். கையில் ஈரத் துடைப்பம்.

“செருப்ப வெளிய விட்டுட்டு வா. இப்பத்தான் தொடச்சேன்.”

அவ்வளவுதான் வரவேற்பு. உள்ளே போய் உட்கார்ந்தாள். அவர் மீதித் தரையைத் துடைத்து முடித்தார். வாளியை வைத்துவிட்டுக் கேட்டார்: “அன்னிக்கு எத்தன செகண்டு?”

“நாலு.”

அவர் மனசுக்குள் பெருக்கினார். ஓட்டுநருக்கு அந்தக் கணக்குத் தலைகீழ்ப் பாடம். “அறுபத்தேழு மீட்டரு” என்றார். சுவரைப் பார்த்தபடி இன்னும் ஒருமுறை சொன்னார். “அறுபத்தேழு மீட்டரு நான் இல்ல.” பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “இவளுக்கும் சேத்து சோறு வையி” என்று சத்தம் கொடுத்தார்.

நான்காவது மாதம் நீளச் சோதனைக்கு அவரே எழுதிக் கொடுத்து வந்தார். விதிப்படி அக்கா வெளியே. நான் தகடுகளைக் கட்டினேன். பத்து நிமிஷம், தொண்ணூற்றிரண்டு விளக்கு. பொத்தானின் டிக், டிக் சத்தம் கதவுக்கு வெளியே கேட்கும். இந்தப் பக்கம் நான் எண்ணைப் பார்க்கிறேன், அந்தப் பக்கம் நடைவழி பெஞ்சில் அவள் சத்தத்தை எண்ணுகிறாள். நான்காவது நிமிஷம் தாண்டியது. வியர்வைக் கோடு இறங்கவில்லை. நடுங்கிக்கொண்டே உயரத்தில் நின்றது. ஐந்து. ஆறு. ஏழாவது நிமிஷத்தில் விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. பிறகு டிக். ஐந்நூற்றிருபது. அதன்பின் கடைசி வரை ஒன்றும் தவறவில்லை.

இந்தத் தடவை தொண்ணூற்றிரண்டையும் விரல் வைத்துப் படித்தேன். மேடமும் படித்தார். கதவைத் திறந்து அக்காவைக் கூப்பிட்டோம்.

“அரை வினாடிக்கு மேல ஒண்ணே ஒண்ணு” என்றார் மேடம். “அஞ்சு வரைக்கும் விடலாம்.”

“அந்த ஒண்ணு தூக்கம் இல்ல மேடம்” என்றார் அண்ணன் அவசரமாக. “தும்மல். இவன்கிட்ட கேளுங்க, தும்மினேனா இல்லையா? தும்மல்னு எழுதச் சொல்லுங்க.”

“பட்டனுக்குத் தும்மலும் தூக்கமும் ஒண்ணுதாண்ணே” என்றாள் அக்கா.

“பக்கத்துல உக்காந்திருக்கற இவனுக்குமா ஒண்ணு?”

அவர் சொன்னதில் பொருள் இருந்தது; தும்மியதை நான் பார்த்திருந்தேன். தாளின் ஓரத்தில் ‘ஏழாவது நிமிஷம், தும்மல்’ என்று எழுதி நான் கையெழுத்திட்டேன்.

அடுத்த வாரம் அவர் ஊருக்குள் ஓடும் வண்டி ஒன்றில் ஏறினார். நேர் ரோட்டுக்கு அவரை இன்னும் அனுப்பவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை என்று நிபந்தனை. அவர் முகம் சுளிக்கவில்லை. கேன்டீனில் உட்கார்ந்து தன் குறட்டைக் கதையைத் தானே நடித்துக் காட்டுகிறார், அந்தக் கடைசி இழுப்பு உட்பட. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். சிரித்தவர்களில் மூன்று பேர், ஒருத்தருக்கும் தெரியாமல், தனித்தனியாக வந்து எங்கள் கதவைத் தட்டினார்கள். ஒருவருக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்கு முகமூடி வந்தது. மூன்றாமவர் சோதனையின் நடுவிலேயே தகடுகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். அவரை எப்படித் திரும்ப நாற்காலிக்குக் கொண்டுவருவது என்று அக்கா இன்றும் அவர் மனைவியிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருக்கிறாள்.